கோபுரத்துக் கலசமும் கோடீஸ்வர மருமவனும்

வாங்க மருமவனே, வாங்க. இத்தனை வருசமா ‘வாடா போடா’ன்னு கூப்பிட்டதை மனசுல வெச்சுக்கிடாதீக. பத்தாயிரம் கோடிக்கு அதிபதியாகப் போற ஆளு. இனிமே ஒங்களை ‘நீ’ன்னு சொன்னா என் நாக்குக்குத்தான் கேடு. திண்ணையில உக்காருவீகளா, இல்ல பக்கத்து வீட்டுல நாற்காலி வாங்கியாரச் சொல்லட்டுமா?

சரி, துட்டு கைக்கு வந்தப்புறம் பாக்கி மரியாதையைச் சேத்துக் குடுத்திருதேன். இப்போதைக்குப் பழைய கணக்குப்படியே பேசுவோம். காலையில உங்கம்மா வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா. ஓடைக்கரை நெலத்தை வித்து இரிடியம் கலசத்துல பங்கு போடப் போறியாமே? “அழாத தங்கச்சி, ஒம் மவன் உலக வங்கிக்கே கடன் குடுக்கப் போறான்”னு சொல்லித்தான் அனுப்பி வெச்சேன்.

அந்தச் சபாரிச் சட்டைக்காரர் ஒங்கிட்டச் சொன்னதை நான் ஒரு தரம் திருப்பிச் சொல்லுதேன், தப்பிருந்தா திருத்து. பழைய கோயில் கோபுரத்துச் செப்புக் கலசம். அதுல இடி விழுந்துச்சு. விழுந்ததும் செம்பு இரிடியமாயிருச்சு. இப்ப அது பக்கத்துல அரிசியைக் கொண்டு போனா அரிசி தாவிப் போயி ஒட்டுது. அமெரிக்காவுல நாசாக்காரன் பெட்டியும் கையுமா நிக்கான். ரிசர்வ் பேங்க் முத்திரை போட்ட காகிதமும் தயார். சோதனைச் செலவுக்கு மட்டும் அஞ்சு லட்சம் கொறையுது. பத்தாயிரம் கோடி வெச்சிருக்கவனுக்கு அஞ்சு லட்சம் கொறைஞ்சு, அதை எங்கேயும் பெரட்ட முடியாம நம்ம ஓடைக்கரையைத் தேடி வந்திருக்கான் பாரு, ஒனக்குச் சுக்கிர தெசைதான் அடிக்குது.

நான் பள்ளிக்கூடத்தை அதிகம் மிதிக்காதவன். ஆனா தட்டான். அதனால துட்டைப் போடாதேன்னு சொல்ல மாட்டேன். போடுததுக்கு முன்னால சரக்கைப் பாத்துக்கோன்னுதான் சொல்லுதேன். சரக்கைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை, டவுன் லைப்ரரியில உக்காந்து படிச்சதையும் சேத்து, ஓசியிலேயே சொல்லுதேன். ஒனக்குச் சோதனைச் செலவு மிச்சம்.

மொதல்ல எடை. எங்க தொழில்ல கண்ணு ரெண்டாவது, கைதான் மொதல்ல. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அதே அளவு செம்பு 9 கிலோவுக்குச் சித்த கீழ. ஈயம் 11 கிலோ சொச்சம். தங்கம் 19.3 கிலோ. இரிடியம் 22.56 கிலோ! இயற்கையில கெடைக்கிறதுல இதை மிஞ்சின எடை ஒண்ணே ஒண்ணுக்குத்தான் உண்டு, அதோட கூடப்பிறந்த ஆஸ்மியத்துக்கு, 22.59. வித்தியாசம் அம்புட்டுத்தான். இதுல யாரு மூத்தவன்னு விஞ்ஞானிகளுக்குள்ளேயே ரொம்பக் காலம் இழுபறி நடந்திருக்கு.

அதனால அஞ்சு கிலோ கலசம்னா சோதனைக்கு லேபும் வேண்டாம், லட்சமும் வேண்டாம். ஒரு வாளியில தளும்பத் தளும்பத் தண்ணி. கலசத்துக்குள்ள காத்து நிக்காம முழுசா முக்கு. வழிஞ்ச தண்ணியைப் பிடிச்சு அள. செம்புன்னா அரை லிட்டருக்கு மேல வழியும். இரிடியம்னா கால் லிட்டர்கூட வழியாது. ஆனா ஒண்ணு சொல்லுதேன், சபாரிக்காரர் இதுக்கு ஒத்துக்கிட மாட்டாரு. “தண்ணி பட்டா சக்தி போயிரும்”பாரு. பாவம், அவருக்கு அந்த உலோகத்தோட கொணம் தெரியலை. தண்ணி என்ன, ராஜதிராவகத்துல போட்டாலே அது குளிச்சிட்டு எந்திரிச்சு வரும்.

ராஜதிராவகம் ஒனக்குத் தெரியும்லா? நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தது. தனி அமிலத்துக்கு லேசுல அசையாத தங்கம் அதுல கரைஞ்சிரும். பிளாட்டினமும் மெதுவாக் கரையும். இரிடியம் கட்டியாக் கெடந்தா அசையாது. அது கண்டுபிடிபட்ட கதையே அதுதான். லண்டன்ல ஸ்மித்சன் டென்னன்ட்னு ஒருத்தர் பிளாட்டினத் தாதுவை ராஜதிராவகத்துல கரைச்சாரு. அடியில கறுப்பா ஒரு கசடு நின்னுச்சு. மத்தவங்க அதை பென்சில் கரின்னு நெனச்சுக் கொட்டிட்டாக. இந்த மனுசன் கொட்டலை. நோண்டிப் பாத்தாரு, உள்ள ரெண்டு புது உலோகம்: ஒண்ணு ஆஸ்மியம், ஒண்ணு இரிடியம். வருசம் 1803. இரிடியத்தோட உப்புகள் பல வண்ணத்துல மின்னுச்சுன்னு கிரேக்கக்காரங்களோட வானவில் தேவதை பேரை வெச்சாரு.

கண்டுபிடிச்சாரே ஒழிய உருக்க முடியலை. பத்து வருசம் கழிச்சு, 1813ல, ஜான் ஜார்ஜ் சில்ட்ரன்னு இன்னொரு இங்கிலீசுக்காரர் அதுவரைக்கும் இல்லாத அளவு பெரிய பேட்டரி ஒண்ணைக் கட்டி, அதுல மின்சாரம் பாய்ச்சித்தான் இளக வெச்சாரு. ஏன்னு கேளு. தங்கம் உருக 1064 டிகிரி போதும். செம்புக்கு 1085. இரும்புக்கு 1538. பிளாட்டினத்துக்கு 1768. இரிடியத்துக்கு 2446! என் உமியோட்டுல கரியைக் கொட்டி ஊதுகொழல்ல மூச்சு முட்ட ஊதினா தங்கம் உருகும், செம்பும் சேந்து உருகும். இரிடியத்தை உருக்க நான் ஊத ஆரம்பிச்சா ஒம் பேரன் கலியாணம் வரைக்கும் ஊதணும், அப்பவும் அது சூடா இருக்கும், அம்புட்டுத்தான்.

இப்ப உருக்கினதாவே வெச்சுக்கிடுவோம். கலசம்னா அதுக்கு வடிவம் வேணும்லா? கும்பம் வேணும், கழுத்து வேணும், மேல மொட்டு வேணும். கோபுரக் கலசத்தைக் கன்னார்தான் செய்வாக. செப்புத் தகட்டை நெருப்புல காட்டி, தட்டித் தட்டி வளைச்சு, மேல பொன் முலாம் பூசுவாக. உள்ள வரகு மாதிரி தானியம் போட்டு வைப்பாக. செம்பு நல்ல பிள்ளை, தட்டினா தட்டின பக்கம் போகும். தங்கம் அதுக்கும் மேல, ஒரு கிராமை இழுத்தாக் கிலோமீட்டர் கணக்குல கம்பியா நீளும். இரிடியம் இருக்கே, அது எஃகை விட ரெண்டரை மடங்கு விறைப்பு. வளையவே வளையாது. பச்சையா வெச்சுச் சுத்தியால ஒரு போடு போட்டா வெடிச்சுப் போகும். ஆயிரத்துச் சொச்சம் டிகிரிக்குப் பழுக்கக் காய்ச்சினாத்தான் கொஞ்சமாவது இணங்கும், அதுக்கும் பெரிய ஆலை வேணும். அதனால சபாரிக்காரர்ட்ட ஒரே ஒரு கேள்வி கேளு. கலசம் நல்லாருக்கு சாமி, இதைத் தட்டின கன்னான் யாரு?

“தட்டும்போது செம்புதான், இடி விழுந்தப்புறம் மாறிருச்சு”ன்னு சொல்வாரு. சமத்தான பதில். ஒவ்வொரு உலோகத்துக்கும் அணுவுக்குள்ள ஒரு நம்பர் இருக்கு. செம்புக்கு 29, இரிடியத்துக்கு 77. இடி உருக்கும், கருக்கும், ஓட்டை போடும். நம்பரை மாத்தாது. அப்படி மாத்தும்னா மின்வாரியத்துக்காரன் எதுக்கு வருசக்கணக்கா நஷ்டக் கணக்குக் காட்டினான்? மின்னலடிச்ச செப்புக் கம்பியை வித்தே தமிழ்நாடு பூரா இலவச கரண்டு குடுத்திருக்கலாமே.

நம்பர்னதும் ஞாபகம் வருது. ஆகாசத்துல சுத்தவிட்டு எங்கிருந்தும் போன் பேசலாம்னு மோட்டோரோலா கம்பெனிக்காரங்க ஒரு செயற்கைக்கோள் திட்டம் போட்டாக. 77 கோள் சுத்தப்போகுதுன்னு அதுக்கு இரிடியம்னே பேரு வெச்சாக. அப்புறம் கணக்குப் பாத்து 66 போதும்னு கொறைச்சிட்டாக, பேரை மட்டும் மாத்தலை. 66ஆம் நம்பர் உலோகத்துக்குப் பேரு டிஸ்புரோசியம். அந்தப் பேருல போன் வித்தா எவன் வாங்குவான்?

எங்க தொழிலுக்குள்ளேயும் இந்த இரிடியம் நுழைஞ்சிருக்கு, கள்ளத்தனமா. தங்கத்தை உருக்கும்போது இரிடியம், ருத்தேனியம் மாதிரி பொடியைத் தூவிருவானுக. தங்கம் உருகும், பொடி உருகாது, சோத்துக்குள்ள கெடக்கிற கல்லு மாதிரி அப்படியே உள்ள தங்கிரும். இரிடியம் தங்கத்தை விடக் கனம், அதனால எடையைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. பட்டறையில அரம் போடும்போதும் மெருகு ஏத்தும்போதும்தான் நறுக்னு ஒரு எடம் கையில தட்டும். அரத்துப் பல்லும் போகும், தட்டானோட பேரும் சேந்து போகும். ஆக இந்த உலோகத்தை வெச்சு நம்ம ஆளுக ஏமாத்துதது புதுசில்ல. முன்னாடி கொஞ்சமாவது நெசமான இரிடியத்தை வெச்சு ஏமாத்தினானுக. இப்ப அதுவும் இல்லாமலே நடக்குது.

நல்ல வேலைக்கு வெச்சவங்களும் இருக்காக. எடைக்கல்லுக்குச் சொந்தக்காரன் நான், குன்றிமணி போட்டு நிறுத்த குடும்பம், அதனால இதைச் சொல்லாம விட மாட்டேன். உலகத்துக்கே ஒரு கிலோன்னா எதுன்னு கேட்டா, பாரிசுக்குப் பக்கத்துல செவ்ருங்கிற ஊர்ல ஒரு சின்ன உருளையைக் காட்டிக்கிட்டிருந்தாக. 39 மில்லிமீட்டர் உயரம், 39 மில்லிமீட்டர் அகலம். நூத்துக்குத் தொண்ணூறு பிளாட்டினம், பத்து இரிடியம். பிளாட்டினம் மட்டும்னா மெத்துனு இருக்கும், தேயும். இரிடியம் சேந்ததும் இறுகிப் போச்சு. 1889லயிருந்து அதுதான் உலகத்துக்குக் கிலோவா இருந்துச்சு. அதோட நகல்கள்ல 57ஆம் நம்பர் டெல்லியில தேசிய இயற்பியல் ஆய்வகத்துல இருக்கு. மூணு கண்ணாடி மூடி போட்டு, பூட்டி, மூச்சுக்காத்துப் படாம வெச்சும், நூறு வருசத்துல அதுக்கும் நகல்களுக்கும் நடுவுல ஒரு கிராமுல லட்சத்துல அஞ்சு பங்கு அளவுக்கு வித்தியாசம் வந்திருச்சு. அந்தத் துளிக்கே ஒத்துக்கிடாம 2019ல அதுக்கு ஓய்வு குடுத்து, கிலோவை ஒரு இயற்கை மாறிலியை வெச்சுக் கணக்குப் போட்டுட்டாக. நம்ம சந்தையில மீன்காரம்மா கிலோவுக்கு அம்பது கிராம் அடிக்கிறதை அவுக பாத்தா மயக்கம் போட்டு விழுந்திருவாக.

அபூர்வம்னு சொல்லுதாரே, அது மட்டும் நெசம். பூமி பொறந்த காலத்துல எல்லாம் உருகிக் கெடந்தப்போ இரும்பு அடிக்கு எறங்குச்சு. இரிடியம் இரும்போட சிநேகிதன், அதுவும் கூடவே எறங்கிருச்சு. மேலோட்டுல ஆயிரம் டன் பாறையைச் சலிச்சா ஒரு கிராம் தேறுததே கஷ்டம். ஆனா விண்கல்லுல நெறைய இருக்கும். 1980ல லூயிஸ் அல்வாரெஸ்ங்கிற அப்பாவும் வால்டர் அல்வாரெஸ்ங்கிற மகனும், கூட ரெண்டு வேதியியல்காரங்களும், இத்தாலியில குப்பியோங்கிற ஊருப் பக்கம் ஒரு களிமண் படிவத்துல மத்த எடத்தை விட முப்பது மடங்கு இரிடியம் இருக்குன்னு எழுதினாக. வானத்துலயிருந்து பெருங்கல்லு விழுந்துதான் 6 கோடியே 60 லட்சம் வருசத்துக்கு முன்னால டைனோசரெல்லாம் அழிஞ்சுதுன்னு அதை வெச்சுச் சொன்னாக. அப்புறம் மெக்சிகோவுல அந்தப் பள்ளமும் ஆப்புட்டுச்சு. ஆக, வானத்துலயிருந்து இரிடியம் விழுந்த கதை ஒண்ணு உண்டு மருமவனே. அதுல பங்கு போட்டவங்க ஒருத்தரும் மிஞ்சலை.

இன்னைக்கு அது கெடைக்கிறது பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவுல புஷ்வெல்டுங்கிற பாறைப் பகுதியில. அதையும் அதுக்காகன்னு யாரும் வெட்டலை. பிளாட்டினம் எடுக்கையில கூடவே வாரது. நம்ம பக்கமும் நாமக்கல் சித்தம்பூண்டிப் பாறையில பிளாட்டினக் குடும்பத்துத் தடயம் இருக்குன்னு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேடிப் பாத்திருக்கு. அந்த ஊர்ப் பாறை நிலாப் பாறைக்குச் சொந்தக்காரன், அரைச்சுப் பொடியாக்கி இஸ்ரோக்காரங்க சந்திரயானுக்குச் செயற்கை நிலாமண்ணு செஞ்சாக. நிலாவுக்குப் போன பேரு வந்துச்சே தவிர, சுரங்கம்னு ஒண்ணு வரலை.

இப்ப கணக்குக்கு வருவோம். இதை ஒரு தரம் நீயே எழுதிப் பாரு, எம் பேச்சை நம்பாத. உலகம் பூரா வருசத்துக்கு எடுக்கிற இரிடியம் சுமார் 7, 8 டன். மொத்தமே ஒரு லாரியில அடங்கிரும். விலை ஏறின காலம் 2021. அப்ப ஒரு அவுன்ஸ் 6,000 டாலரைத் தாண்டிச்சு. அவுன்ஸுன்னா 31 கிராம் சொச்சம். அன்னைக்கு ரூவாக் கணக்குல கிராம் பதினாலாயிரம், கிலோ ஒண்ணே கால் கோடிக்கு மேல, ஒண்ணரை கோடிக்குக் கீழ. அந்த உச்ச விலையிலேயே உலகத்தோட ஒரு வருச உற்பத்தி அம்புட்டையும் மூட்டை கட்டி வித்தா, சுமார் பத்தாயிரம் கோடி. அதாவது சபாரிக்காரர் கையில இருக்கிற ஒத்தைக் கலசமும், உலகம் பூரா சுரங்கக்காரன் ஒரு வருசம் பூமிக்கடியில எறங்கிப் பாறையை ஒடைச்சுக் கொண்டார சரக்கு மொத்தமும் ஒரே விலை. அஞ்சு கிலோ கலசம் முழுக்க முழுக்க அசல் இரிடியமாவே இருந்தாக்கூட ஏழு கோடி. மிச்சம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திமூணு கோடியை எந்தக் கணக்குல எழுதியிருக்காருன்னு கேட்டுச் சொல்லு, எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.

நாசாவைப் பத்திப் பொய் சொல்லுதாருன்னு நான் சொல்லலை. நாசாவுக்கு இரிடியம் வேணும்தான். வாயேஜர், காசினி மாதிரி தூரம் போற விண்கலத்துல சூரிய வெளிச்சம் எட்டாது. புளூட்டோனியத்தோட சூட்டுலயிருந்து மின்சாரம் எடுப்பாக. அந்தப் புளூட்டோனியத்துக்கு இரிடியக் கலவையிலதான் உறை. தீயில விழுந்தாலும் தரையில மோதினாலும் உள்ள இருக்கது வெளிய வரக்கூடாதுல்லா, அதுக்கு. 1999ல அனுப்பின சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியோட கண்ணாடிக்கும் இரிடியப் பூச்சுதான். அந்தச் சந்திரா யாருன்னு நெனச்சே? சுப்பிரமணியன் சந்திரசேகர், நம்ம தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரியில படிச்சவர், நோபல் பரிசு வாங்கினவர். ஆக நாசாவுக்கும் இரிடியத்துக்கும் தமிழனுக்கும் சம்பந்தம் இருக்கு. ஓடைக்கரை நெலத்துக்கு மட்டும்தான் இல்ல.

கிட்டப் போனா கதிர்வீச்சு அடிக்கும்னு சொல்லி ஒன்னைத் தள்ளி நிக்கச் சொன்னாராமே? இயற்கையில இருக்க இரிடியத்துல கதிர்வீச்சே கெடையாது. அணு உலையில வெச்சுச் செய்ற இரிடியம்-192ன்னு ஒண்ணு உண்டு, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வைத்தியம் பாக்கவும், பெரிய குழாய்ல பத்தவெச்ச மூட்டைச் சோதிக்கவும் ஆவுது. 74 நாளுக்கு ஒருக்கா வீரியம் பாதியாயிரும். அதை லைசென்சு இல்லாம எவனும் தொட முடியாது. சபாரிச் சட்டையை லைசென்சுன்னு எவனும் ஒத்துக்கிடவும் மாட்டான். நீ தள்ளி நின்னாத்தான் கலசத்துக்குள்ள இருக்க காந்தம் தெரியாது, அதுக்குத்தான் அந்தக் கதிர்வீச்சு.

ஆமா, காந்தம். அரிசி தாவுச்சுன்னியே, அது அவர் கொண்டாந்த அரிசியா, நம்ம வீட்டுப் பானை அரிசியா? அரிசியில இரும்புத் தூளைப் பூசி, பாத்திரத்துக்குள்ள காந்தத்தை ஒளிச்சு வெக்கிறது அந்தக் கூட்டத்தோட பழைய வித்தை. இரிடியம் இரும்பையே இழுக்காது, அரிசியையா இழுக்கும்? 2014ல ‘சதுரங்க வேட்டை’ன்னு படமே எடுத்துக் காட்டினாக. அதை நீ ரெண்டு தரம் பாத்துட்டு வந்து எனக்கே கதை சொன்னவன். கோபுரமேறிக் கலசத்தைத் திருடிப் பிடிபட்டவன் கதையெல்லாம் பேப்பர்ல வந்துக்கிட்டேதான் இருக்கு. அவனுக கையில ஆப்புட்டது செம்பும் வரகும்தான்.

இரிடியம் வாங்கியே தீரணும்னு ஆசையா? ஒன் பைக்கை எடுத்துக்கிட்டு மெக்கானிக் பட்டறைக்குப் போ. இரிடியம் பிளக்குன்னு கேளு, சில நூறு ரூவா. அதோட முனையில ஊசி கனத்துக்கு அசல் இரிடியக் கலவை இருக்கும். ஒவ்வொரு பொறிக்கும் மத்த உலோகம் தேயும், இது லேசில தேயாது. ஒன் செல்போனுக்குள்ள அலையை வடிகட்டுத சின்னப் படிகம் இருக்கு. அந்தப் படிகத்தை இரிடிய மூசையிலதான் உருக்கி வளக்காக, ஏன்னா அந்தச் சூட்டுக்குத் தாங்குத மூசை வேற லேசுல கெடையாது. அந்தக் கால மைப்பேனா நிப்பு மேல ‘இரிடியம்’னு பொறிச்சிருப்பாக, ஆனா முனையில பல சமயம் ஆஸ்மியம், டங்ஸ்டன் மாதிரி வேற உலோகம்தான் இருக்கும், பேரு மட்டும் இரிடியம். அந்தப் பேனாக்காரன்கூட கூடுதல் ரேட்டுத்தான் கேட்டான், நெலத்தை எழுதிக் கேக்கலை.

நீ முகத்தைத் தூக்கிக்கிடாத. சபாரிக்காரரை நாளைக்குக் காலையில வரச் சொல்லு, கலசத்தோட. வாளி நெறையத் தண்ணி பிடிச்சு வெக்கிறேன், என் பழைய தராசும் இருக்கு, நம்ம வீட்டுப் பச்சரிசி ஒரு படி எடுத்து வெக்கச் சொல்லிட்டேன். பத்திரத்தை இன்னைக்கே ஒங்கம்மா கையில குடுத்திரு. டவுன் ஸ்டேசன் ஏட்டையாவுக்கும் சொல்லி விட்டிருக்கேன், மப்டியில வாரேன்னாரு. அதை மட்டும் சபாரிக்காரர்ட்டச் சொல்லிராத.